தாய்ப்பசுவின் துயரமும் சிறுத்தையின் 'அட்டகாசமும்'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் ஞாயிறு வாரவெளியீட்டில் வந்த கட்டுரையொன்று, மாடு துக்கப்படுகிறது, நாய் வெட்கப்படுகிறது என்றெல்லாம் சொல்வது நம் மனத்தை விலங்கின்மேல் ஏற்றிப் பார்க்கும் பேதைமை என்று தீர்ப்புக் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்; மறுபாதியை ஏற்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

ஏற்கும் பாதி நாயைப் பற்றியது. சில மாதங்களுக்கு முன் எங்கள் கோழிக்கூட்டில் முட்டைகள் காணாமற் போனபோது நாயைத்தான் சந்தேகித்தேன். கூட்டைக் காட்டி அதட்டியதும் அது காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்றெண்ணி இரண்டு நாள் கட்டிப்போட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில், கூட்டுக்குள்ளிருந்து கீரியொன்று வெளிப்பட்டுத் தேயிலைக்குள் பாய்வதை என் மனைவி பார்த்தார். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: அந்தக் குற்றவாளிப் பார்வை நாய் செய்த தவறைப் பொறுத்து வருவதில்லை, வளர்ப்பவரின் அதட்டலைப் பொறுத்தே வருகிறது. ஆயினும் நாயிடம் உணர்ச்சியே இல்லை என்று அந்த ஆய்வு காட்டிவிடவில்லை. அச்சமாக இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு நான் குற்றவுணர்வு என்று பெயர் வைத்துவிட்டேன்; பிழை அவ்வளவுதான்.

மாட்டின் கதை வேறு. என் சிறுவயதில் அப்பாயி வளர்த்த பசுவின் கன்று, பிறந்த பத்தாம் நாள் கழிச்சலில் செத்துப்போனது. பசு பாலை அடக்கிக்கொண்டது. எங்கள் பக்கம் வைக்கோல் எளிதில் கிடைக்காது என்பதால், கன்றின் தோலில் காய்ந்த மானாப்புல்லைத் திணித்துத் தைத்து, கொட்டிலில் பசுவின் முன் நிறுத்தினார்கள். பசு அதை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு கழுத்திலிருந்து வால்வரை நக்கத் தொடங்கியது. மெல்ல மடி இளகிப் பால் இறங்கியது. "அதுக்குத் தெரியாமலா நக்குது? தெரிஞ்சுதான் நக்குது" என்றார் அப்பாயி. அவர் சொன்னது மிகை என்றே இன்று நினைக்கிறேன். கட்டுரையாளரோ, வாசனை பட்டதும் பாலை இறங்கச் செய்யும் ஒட்சிடோசின் என்ற ஓமோன் சுரந்தது, வேறொன்றுமில்லை என்று முடித்திருப்பார். ஆனால் அடுத்த லய வீட்டுக் குழந்தையின் அழுகை காதில் விழுந்ததும் பால்கொடுக்கும் தாயொருத்திக்கு மார்பு நனைவதும் அதே ஒட்சிடோசினால்தான். அவளிடம் பிள்ளைப்பாசம் இல்லை, சுரப்பிதான் வேலை செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஓர் உணர்ச்சி உடலில் எவ்வழியாக இயங்குகிறது என்று விளக்கிவிட்டால் அந்த உணர்ச்சியே இல்லையென்று ஆகிவிடுமானால், மனிதரிடமும் எதுவும் மிஞ்சாது.

கட்டுரையாளர் துணைக்கழைத்த, பிரித்தானிய உளவியலாளர் லொயிட் மோர்கனின் 1894ஆம் ஆண்டு விதி, தாழ்ந்த உளத்திறனால் விளக்கக்கூடிய செயலுக்கு உயர்ந்த திறனைக் காரணம் காட்டக்கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் பிரிவுத்துயரை உயர்ந்த திறன்களின் வரிசையில் வைத்தது யார்? நரம்பியலாளர் யாக் பாங்க்செப் அதன் வேர்களைக் கண்டது பெரும்பாலும் மூளையின் மேலடுக்கான புறணிக்குக் கீழே, பாலூட்டிகளுக்குப் பொதுவான பழைய பகுதிகளில். தொல்காப்பியத்திலும் 'மக்கள் தாமே ஆறறிவுயிரே' என்ற அடியை மட்டும் எடுத்துக்காட்டிய கட்டுரையாளர், அதையடுத்தே 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' (அந்த இனத்தைச் சேர்ந்த வேறு பிறப்புகளும் உண்டு) என்றிருப்பதை ஏனோ விட்டுவிட்டார்.

இனிச் சொல்வது தங்கள் பத்திரிகைக்கும் உரியது. தோட்டத்துக்குள் இறங்கிய சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிச் சென்றால், மறுநாள் 'சிறுத்தை அட்டகாசம்' என்று தலைப்பு வருகிறது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பயம் எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பசித்த விலங்கு எட்டிய இரையை எடுத்ததில் அட்டகாசம் எங்கே இருக்கிறது? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. கம்பியில் கிடந்த பொழுதில் அது அஞ்சியது என்று எழுதினால் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்கிறோம் என்கிறார்கள். அட்டகாசம் செய்தது என்று எழுதும்போது அந்தக் கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. விலங்குக்குக் குரோதத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அச்சத்துக்கு மட்டும் சான்று கேட்கும்படி மோர்கனின் விதி சொல்லவில்லை.

அடுத்த முறை 'சிறுத்தை நாயைப் பிடித்தது' என்று தலைப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.