மாவடு காத்திருக்காதுங்க: உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட நியமன அலுவலர் அவர்களுக்கும், எங்கள் வட்டாரத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கமுங்க.

எந்த மாவட்டம், எந்த ஊர்ச் சந்தை என்று இதில் எழுதவில்லை. யாரையும் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமில்லை. பங்குனியில் நடந்தது தங்களுக்கும் தெரியும், சந்தைக்கு வந்திருந்த ஊருக்கும் தெரியும். அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஊறுகாய் போட்டு விற்பதற்காக மார்கழியில் நாங்கள் போட்ட உணவுப் பதிவு விண்ணப்பத்துக்குப் பதில் கொடுங்கள். உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்.

நாங்கள் ஒரே வீதியைச் சேர்ந்த நாலு வீட்டுப் பெண்கள். இரண்டு வீட்டில் தோட்டம், இரண்டு வீட்டில் தறி. வீட்டு வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் ஊறுகாயும் வத்தலும் போட்டு விற்கிறோம். மார்கழியில் ஏன் விண்ணப்பித்தோம் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனி மாவடுக் காலம். சித்திரை, வைகாசியில் வெட்டு மாங்காய், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், கூழ் வடகம். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காற்று கிளம்பிவிடும். உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது கொண்டாட்டம். மொட்டை மாடியில் வேட்டி விரித்து வத்தல் காயப்போடுகிறவளுக்குக் கண்ணிலும் புழுதி, வடகத்திலும் புழுதி. மேகமும் மூடிக்கொள்ளும். அப்புறம் நெல்லிக்காய் வரும் வரைக்கும் எலுமிச்சையையும் நார்த்தையையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எங்கள் வருஷ வருமானத்தில் முக்கால்வாசி இந்த நாலு மாசத்தில்தான் வருகிறது. அலுவலகக் கோப்பு அடுத்த மாசமும் அதே மேசையில் இருக்கும். மாவடு அடுத்த மாசம் மரத்தில் இருக்காது, கொட்டை வைத்துவிடும்.

இனி அந்தச் சந்தை நாளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரு கரண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாவடு உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிப் போடுகிற பண்டம் இல்லை. கீழே விழுந்ததில் அடிபட்டிருக்கும், ஊறும்போது ஒன்று அழுகினால் ஜாடி முழுக்கப் போய்விடும். காம்போடு கையால் பறிக்க வேண்டும். கழுவி, துணியில் ஒற்றி, சொட்டு ஈரம் இல்லாமல் நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப் பொடி, மிளகாய்த் தூள் போட்டுப் பீங்கான் ஜாடியில் அடுக்குவோம். தினமும் குலுக்கிவிட வேண்டும். உப்பு காயில் இருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். பச்சையாக விறைத்துக் கிடந்த வடு மெல்லத் தோல் சுருங்கி, தன் தண்ணீரிலேயே தான் மூழ்கும். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு சேரக்கூடாது. சேர்ந்தால் அந்த இடத்தில் உப்பின் காட்டம் குறையும், மேலே வெள்ளையாகப் பூசணம் பூக்கும். எங்கள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கை துடைக்காமல் ஜாடிப் பக்கம் போனால் மருமகள் என்றும் பார்க்கமாட்டார், பேத்தி என்றும் பார்க்கமாட்டார்.

அன்றைக்குத் தங்கள் அலுவலர் வந்து, “ஏம்மா, லைசென்ஸ் எங்கே?” என்றார். “ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போட்டிருக்கோமுங்க சார், இன்னும் வரலைங்க” என்று விண்ணப்பித்த ரசீதைக் காட்டினேன். அதை அவர் கையில் வாங்கவில்லை. கூட வந்தவர் பக்கத்து டீக்கடையில் கழுவி வைத்திருந்த கரண்டியை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஜாடிக்குள் விட்டுக் கலக்கினார். “சாமி, ஈரக் கரண்டிய உடாதீங்க சாமி” என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். மூன்று பாட்டில் மாவடுவை ‘சாம்பிள்’ என்று எடுத்துக்கொண்டு, அஞ்சு லட்சம் அபராதம் போட முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரசீது இல்லை, நோட்டீஸ் இல்லை. அந்த ஜாடியை நாங்கள் விற்கவில்லை. விற்றிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்த வாரமே பூத்துவிட்டது, குழியில் கொட்டி மூடினோம்.

சுத்தத்தைப் பரிசோதிக்க வந்தவர்கள் செய்துவிட்டுப் போன காரியம் இது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மரியாதை குறையும்.

அலுவலர் சொன்ன அஞ்சு லட்சத்துக்குப் பயந்து, எங்கள் நாலு பேர் போக வேறு இரண்டு பேர் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் சட்டத்தை இறக்கிப் படித்துக் காட்டினாள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006. அதில் 31-ஆம் பிரிவு, தானே செய்து தானே விற்கிற சிறு தயாரிப்பாளர், கூடை வியாபாரி, தற்காலிகக் கடை போடுகிறவர், குடிசைத் தொழில் செய்கிறவர் ஆகியோருக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்வதற்குத் தண்டனை சொல்லும் 63-ஆம் பிரிவு, இவர்களை விலக்கியே வைத்திருக்கிறது. அப்படியானால் எங்களைப் பார்த்து அந்த அஞ்சு லட்சத்தை எந்தப் பிரிவில் சொன்னார்? நாங்கள் தெரிந்துகொள்ளலாமுங்களா?

2011-இல் வந்த பதிவு விதிகளையும் படித்தோம். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிறவர்களைச் சிறு தயாரிப்பாளர் என்று வைத்து, ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டணம் போட்டு எழுதிய விதிகள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கனவில் விற்றாலும் 12 லட்சத்தைத் தொடமாட்டோம். அந்த விதிப்படி விண்ணப்பம் வந்த 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு. இது எதுவுமே நடக்காவிட்டால் விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம், பிறகு அலுவலர் சொல்லும் திருத்தங்களைச் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மார்கழியில் போட்ட விண்ணப்பத்துக்குப் பங்குனி வரை 30 நாள் ஆகவில்லை என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. நாங்கள் சந்தையில் உட்கார்ந்திருந்தது விதிக்கு உட்பட்டுத்தான்.

சாம்பிள் விஷயமும் அப்படித்தான். எடுக்கிறோம் என்று எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், நாலு பங்காகப் பிரித்து சீல் வைக்க வேண்டும், விற்கிற விலையைக் கொடுக்க வேண்டும், பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். எங்கள் மூன்று பாட்டில் எந்த ஆய்வகத்துக்குப் போனது? ஆய்வகத்துக்குத்தான் போனதா, இல்லை யார் வீட்டுத் தயிர்சாதத்துக்காவது போனதா என்று சந்தையில் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. அறிக்கையைக் காட்டினால் கேட்கிறவர்கள் வாயை நானே அடைத்துவிடுவேன்.

இன்னொரு வேடிக்கை. மார்ச் 8 மகளிர் தினம் மாசிக் கடைசியில் வருகிறது, மாவடு மும்முரமாக இருக்கும் நேரம். அன்றைக்குத் தொழில்முனைவோர் பெண்கள் என்று எங்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். குறு உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கு மத்திய அரசு திட்டம் இருக்கிறது, குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்கள் மாவடுவை எல்லா அதிகாரிகளும் ருசி பார்த்தார்கள், பதிவு எண் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேடையில் இருக்கும்போது தொழில்முனைவோர், சந்தையில் தரையில் உட்கார்ந்தால் குற்றவாளி. சால்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டு பதிவுச் சான்றிதழைக் கொடுத்தால் எங்களுக்குச் சம்மதம்.

டாஸ்மாக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஊறுகாய்ப் பாக்கெட்டைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். வெயிலில் வெந்து, உள்ளே இருப்பது மாங்காயா எலுமிச்சையா என்று தின்றவருக்கே தெரியாது. கெடாமல் இருக்கச் சேர்க்கிற சோடியம் பென்சோயேட் எவ்வளவு போடலாம் என்று விதி இருக்கிறது, போடட்டும், அது அவர்கள் தொழில். ஆனால் அந்தப் பாக்கெட்டின் மேல் கொண்டை போட்ட பாட்டி படம், ‘வீட்டுப் பக்குவம்’ என்று எழுத்து. உண்மையிலேயே வீட்டில் போடுகிற பாட்டி ஈரக் கரண்டிக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறார். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

பதிவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டும். மிளகாய்த் தூளில் சாயம் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்பும் புளிப்பும் போதாமல் போட்டு எண்ணெயை மட்டும் மேலே ஊற்றி மூடுவதும் ஆபத்துதான், காற்றுப் போகாத இடத்தில்தான் கொடிய கிருமி வளரும். ஊரில் ஒருத்தி போட்ட ஊறுகாயில் யாருக்காவது வயிற்றுக்கு வந்தால், அடுத்த சந்தையில் எல்லோருடைய பாட்டிலும் அப்படியே நிற்கும். பாட்டிலில் 14 இலக்கப் பதிவு எண் இருந்தால் திருப்பூர்க் கடைக்காரர் தயங்காமல் வாங்குவார். அது இல்லாததால்தான் இப்போது கடைக்காரர் எங்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கித் தன் லேபிளை ஒட்டி விற்கிறார். லேபிளில் என்னென்ன போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்: சேர்மானம், எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், பச்சைப் புள்ளி, முகவரி. எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறோம். எண் போடும் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.

மாசியில் நாங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டபோது, சமையல்கட்டில் டைல்ஸ் இல்லை, அதனால் கிடைக்காது என்று முன்னறையில் இருந்தவர் வாயால் சொன்னார். எங்கள் வீட்டைப் பார்க்க யாருமே வரவில்லை, டைல்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. டைல்ஸ்தான் தடை என்றால் அதையும் எழுதித் தாருங்கள். போட்டுவிடுகிறோம். அல்லது விதியில் அப்படி இல்லையே என்று மேல்முறையீடு செய்கிறோம். வாய்ப்பேச்சுக்கு மேல்முறையீடு செய்ய வழியில்லைங்க.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: விண்ணப்பத்தின் மேல் முடிவெடுங்கள், எழுத்தில் கொடுங்கள். வீட்டைப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள், என்றைக்கு என்று முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம். எங்களைப் போல் மார்கழியில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மற்ற பெண்களின் விண்ணப்பங்களையும் சேர்த்தே எடுங்கள். அடுத்த வருஷத்தில் இருந்து தை மாதமே எங்கள் ஒன்றியத்தில் ஒருநாள் முகாம் போட்டால் தங்களுக்கும் அலைச்சல் மிச்சம், நூறு ரூபாய்க் கட்டணத்துக்கு ஆயிரம் வாங்கும் ஏஜென்ட்டிடம் நாங்களும் போக வேண்டியதில்லை.

இப்போது சித்திரை. வெட்டு மாங்காய் வந்துவிட்டது, மோர்மிளகாய் பகலில் மாடியிலும் ராத்திரி மோரிலுமாக இருக்கிறது. காற்றுக் கிளம்புவதற்குள் பதில் வந்தால் இந்த வருஷத்து மிச்சத்தையாவது எங்கள் பெயரில் விற்றுக்கொள்வோம். விண்ணப்ப எண்ணையும் ரசீது நகலையும் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். மூன்று பாட்டிலுக்கான பணத்தை எப்போது தந்தாலும் வாங்கிக்கொள்கிறோம். பதிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
நாலு வீட்டுக்காரர்கள் சார்பில்,
மாவடு போடும் ஒருத்தி