எட்டு டேப்பட்டுகள்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் இத்தனை மாதங்கள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். என்ஜினில் வால்வைத் திறக்கும் அசைவைக் கடத்தும் சிறு உருளைகளான டேப்பட்டுகள் எட்டையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பதாக நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சென்ற முறை என் காரில் ஏறியதும், "இது காரா, தட்டச்சுப் பொறியா?" என்று கேட்டாயே, அந்த ஓசையின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகோல்) வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை மூன்று முறை சரிசெய்தேன். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் மூன்று முறையும் சரியென்றே காட்டியது. ராக்கர்களைக் கழற்றிப் பார்த்தால், வால்வுத் தண்டை அழுத்தும் முனையில் தண்டின் அகலத்துக்கு ஒரு பள்ளம். கேஜின் தகடு பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளின் மேலேயே கிடந்ததால், 0.30 மி.மீ. என்று நான் நம்பிய இடைவெளி உண்மையில் அதைவிட அதிகமாக இருந்திருக்கிறது. ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கமும் நகம் இடறும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். நம் மெக்கானிக் பெரியவராக இருந்தால், ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தே இதைச் சொல்லியிருப்பார்.

இப்போது உன் டப்பாவுக்கு வருகிறேன். உன் என்ஜினில் இருக்கும் டேப்பட்டின் அடிப்பாகம் தட்டையாகத் தெரிந்தாலும், புதிதில் அது மிக லேசாகக் குவிந்திருக்கும். அதைச் சுழன்று மேலே தள்ளும் மேடான கேமின் முகமும் சற்றே சரிவாக இருக்கும். அதனால்தான் டேப்பட் ஏறி இறங்கும்போதே சுழன்று, தேய்மானத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறது. வருடக்கணக்காக ஓடியதில் ஒவ்வொன்றும் தனக்குரிய கேமோடு இழைந்து போயிருக்கும். வரிசை மாறி அமர்ந்தால் சுழற்சி நின்று, ஒரே இடத்தில் உரசி, கேமின் கடினமான மேற்பரப்பையே அரித்துவிடும். தயவுசெய்து குத்துமதிப்பாக அடுக்கிப் போட்டுவிடாதே. கேம் நன்றாக இருந்தால் எட்டையும் புதிதாகப் போடு. கேமும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்று. புதிய கேமின் மேல் பழைய டேப்பட்டை மட்டும் வைக்கவே வைக்காதே.

புதிய கேம் போட்டால், அதற்கான மசகுப் பசையைத் தாராளமாகத் தடவி, முதல் முறை ஸ்டார்ட் செய்தவுடன் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாத மெதுவான ஓட்டத்தில்) விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் தெறிக்கவிடும் எண்ணெய் கேமுக்குப் போதாது.

உனக்குப் பொறுமை கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரோடு வருகிறேன். ஒவ்வொரு கேமின் உயரத்தையும் அளந்து பார்க்கும்வரை எதையும் பொருத்தாதே.

அன்புடன்,
உன் நண்பன்