கருவிழிப் பயிற்சி மாவட்ட மருத்துவமனைக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான மருத்துவம் சார்ந்த படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடியும் லென்ஸும் பொருத்தும் படிப்பான ஆப்டோமெட்ரிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, அதில் ஓராண்டு பயிற்சி, பிறகு கண்ணாடிக் கடையிலோ மருத்துவமனையிலோ வேலை என்பதோடு அந்தப் பத்தி முடிந்துவிட்டது. பட்டத்துக்குப் பிறகு ஒரே துறையில் கைத்தேர்ச்சி பெறுவதற்கான ரெசிடென்சி பயிற்சியைப் பற்றி, அதிலும் கருவிழி (கண்ணின் முன்புறம் உள்ள, ஒளி ஊடுருவும் கார்னியா படலம்) மற்றும் காண்டாக்ட் லென்ஸ் பயிற்சியைப் பற்றி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இத்தொழில் செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

காண்டாக்ட் லென்ஸ் என்றதும் கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணாடி தெரியாமலிருக்கப் போடுவது என்றே நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். அழகுக்காக அணிபவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கெரட்டோகோனஸ் என்ற நோயில், நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழி மேலும் மெலிந்து கூம்பாகப் புடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும் இந்நோய், ஒவ்வாமையால் அரிப்பெடுத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. கண்ணின் மொத்தப் பவரில் மூன்றில் இரண்டு பங்கைத் தருவது கருவிழிதான் என்பதால், அதன் வடிவம் கெட்டுவிட்டால் எத்தனை முறை கண்ணாடியை மாற்றினாலும் எழுத்து தெளிவாகத் தெரியாது. அந்த நிலையில் கண்ணின் மேல் ஒரு கெட்டி லென்ஸை வைத்தால், குண்டும் குழியுமான தரையில் நீர் நின்று மட்டமாவதுபோல, இரண்டுக்கும் இடையே கண்ணீர் நிறைந்து ஒளி சீராக உள்ளே செல்கிறது. கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் சில்லு தெறித்துக் கருவிழியில் தழும்பு விழுந்தவர்கள், கரும்புச் சோகை கிழித்த புண் ஆறியும் பார்வை திரும்பாதவர்கள், கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டும் பார்வை சீராகாதவர்கள் ஆகியோரில் பலருக்கும் இத்தகைய லென்ஸ்தான் வழி. குவாரியும் கரும்பும் உள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களில் இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த லென்ஸைப் பொருத்துவது புத்தகத்தைப் படித்து வரும் வேலை அல்ல. சோதனை லென்ஸை வைத்து, நீல ஒளியில் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசின் சாயமிட்டு, அந்த ஒளியில் பார்க்கும்போது எந்த இடத்தில் லென்ஸ் கருவிழியைத் தொட்டு இருண்டிருக்கிறது, எந்த இடத்தில் பச்சை தேங்கி நிற்கிறது என்பதைக் கண் பழக வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் என்றால் இன்னும் நுணுக்கம். கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி மட்டுமே விட வேண்டும்; போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் மேலும் கீழிறங்கி அந்த இடைவெளி குறையும். ஆகவே காலையில் சரியாக இருந்த லென்ஸை மாலையில் மறுபடி பார்த்தாக வேண்டும். விளிம்பு ரத்தக் குழாய்களை அழுத்துகிறதா, உள்ளே நிரப்பிய சலைன் என்ற உப்புநீர் மங்கலாகிறதா, கழற்றிய பிறகு கருவிழி வீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அடுத்தடுத்த வருகைகளில்தான் தெரியவரும். குழாய் நீரிலோ கிணற்று நீரிலோ லென்ஸைக் கழுவக் கூடாது, அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கிவிடும் என்பதை நோயாளி மனத்தில் பதியும்படி சொல்வதும் இந்தப் பயிற்சியில் அடக்கம். பட்டப்படிப்பு மாணவர் ஒருவருக்கு இப்படிப்பட்ட கண்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடரும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி பட்டம் பெற்றவர் தொழில் செய்ய ரெசிடென்சி கட்டாயம் இல்லை. விரும்புபவர்கள் ஓராண்டு அதைச் செய்கிறார்கள், ‘கருவிழி மற்றும் காண்டாக்ட் லென்ஸ்’ என்றே ஒரு பிரிவும் உண்டு. அந்தப் பயிற்சியிடங்களை ஆய்ந்து அங்கீகரிக்கத் தனி அமைப்பும் இருக்கிறது. நம் நாட்டில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் ஃபெல்லோஷிப் பயிற்சிகளும் உள்ளன. 1985லேயே ஆப்டோமெட்ரிக்கெனக் கல்லூரி தொடங்கப்பட்ட சென்னை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெருநகரத்தில் பயின்றவர் பெருநகரத்திலேயே தங்கிவிடுகிறார். கருவிழியின் வடிவத்தை வரைபடமாக்கும் டோபோகிராஃபி கருவியும் சோதனை லென்ஸ் பெட்டிகளும் இல்லாத ஊருக்கு வந்து அவர் என்ன செய்வார்? அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அரசு புதிதாக ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டு முதல் இயங்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் வந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் உள்ள கண் பிரிவுகளை அனுபவமுள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையுடன் இணைத்து, ஓராண்டு ரெசிடென்சியில் சில மாதங்களையாவது இங்கே செலவிடும்படி வகுத்தால் போதும். அஞ்செட்டியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கூலி வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பத் திரும்ப அலைய முடியாமல் லென்ஸைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுபவர்களுக்கு, மறுபரிசோதனை உள்ளூரிலேயே கிடைப்பது பெரிய காரியம். கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிகளில் பரிசோதிக்கும் கண் மருத்துவ உதவியாளர்களுக்கும், கண்ணாடி போட்டும் பார்வை தேறாத பிள்ளையை அனுப்ப ஓர் இடம் கிடைக்கும். கருவிழியை உறுதிப்படுத்திக் கெரட்டோகோனஸ் முற்றுவதைத் தடுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சைக்குக் காலத்தில் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் மருத்துவர் வேலையில் தலையிடுவார்களோ என்ற ஐயம் கண் மருத்துவர்கள் சிலருக்கு உண்டு. அது நியாயமான ஐயமே. பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு மருந்து தருவது மருத்துவரின் வேலை. ஆனால் வயலில் அடிபட்ட கண்ணில் தாய்ப்பாலையும் பச்சிலைச் சாற்றையும் விட்டுச் சில நாள் கழித்துக் கண்ணாடிக் கடைக்கு வருபவரின் கருவிழியில் இறகுபோல் விளிம்பு படர்ந்த வெண்புள்ளியைப் பார்த்ததும் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்த ஒருவர் எதிரே இருப்பதா, ‘சொட்டு மருந்து வாங்கிப் போடுங்கள்’ என்பவர் இருப்பதா என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளையும் உள்ளடக்கிய, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆணையம் அமைந்துள்ள நிலையில், இந்த எல்லைகளை எழுத்தில் வகுப்பது கடினம் அல்ல.

இரண்டு செய்திகளை மட்டும் அரசு முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். சிறப்பு லென்ஸின் விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. அதற்கு நிதி ஒதுக்காமல் பயிற்சியை மட்டும் தொடங்கினால் பயில்பவருக்குப் பொருத்திப் பார்க்க லென்ஸ் இருக்காது. இரண்டாவது, உதவித்தொகை தராமலோ பொறுப்பான ஆசிரியரை அமர்த்தாமலோ விட்டால், ரெசிடென்ட் என்ற பெயரில் வருபவர் நாள் முழுவதும் பவர் பார்க்கும் கூலியில்லா ஆளாகிவிடுவார். அப்படி நடப்பதை வேறு பயிற்சிகளில் பார்த்திருக்கிறோம். எந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் பொருத்தினார், எத்தனை முறை மறுபடி பார்த்தார், எதை யாரிடம் அனுப்பினார் என்ற பதிவேட்டை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் சரிபார்த்த பிறகே சான்றிதழ் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.