இறங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலைப் பாதையில் சைக்கிள்காரர்கள் கும்பலாகப் போய் வழியை மறிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைத் தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கும்பலில் நானும் ஒருத்தி. வயது 51. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். 1992-இல், எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தபோது பழகியவள். அப்போது லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. பார் வைத்த வாடகை சைக்கிளில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினோம். அன்று தெருவில் கேட்ட கேலியெல்லாம் கேட்டு முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன மாதம் 52-ஆவது வளைவில் இன்னொன்று மிச்சம் இருந்தது.

காரவள்ளி வரை சைக்கிள்களை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய், காலை ஆறு மணிக்கு அடிவாரத்திலிருந்து பதினான்கு பேர் மிதிக்கத் தொடங்கினோம். சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. எண்ணாமல் போனால்தான் ஏற முடியும், ஆனால் பலகை விடாது. எங்களோடு வந்த 63 வயதுக்காரர் ஒருவர் இந்த மலைமேல் உள்ள செம்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், "இங்கதாம்மா எல்லாருக்கும் வாந்தி வரும், எத்தனை பை கொடுத்திருப்பேன்!" என்றார். சிரிக்க எனக்கு மூச்சு இல்லை. கைப்பையில் வைத்திருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதும் அங்கேதான்.

சைக்கிள் ஏன் வளைவில் நடுப்பக்கமாக வருகிறது என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம்தான் மிகச் செங்குத்து. ஓரத்தை ஒட்டியே போனால் முன்சக்கரம் தூக்கும். அங்கே நின்றுவிட்டால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அதனால் இரண்டடி விலகி, கொஞ்சம் அகலமாகத் திரும்புகிறோம். மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு அந்த இரண்டடி பெரிய விஷயம்.

52-ஆவது வளைவில் நான் அப்படித் திரும்பும்போது, மேலிருந்து ஒரு கார் தன் பக்கத்தை விட்டு என் பக்கம் அறுத்துக்கொண்டு இறங்கியது. சத்தமே இல்லை, கியர் போடாமல் நியூட்ரலில் வந்திருக்க வேண்டும். நான் சுவர்ப்பக்கம் சாய்ந்து விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்குத் தேவையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த அரசு பஸ்ஸோ வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, நான் எழுந்து ஒதுங்கும் வரை நின்றது. வாழைத்தார் ஏற்றிய லாரிகளும் அப்படித்தான், முதல் கியரில் முனகிக்கொண்டே இறங்குகின்றன. பிழைப்புக்காக அந்த மலையில் ஓட்டுகிறவர்களால் எங்களுக்குத் தொந்தரவு வந்ததில்லை.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. அகலம் கிடைத்த இடங்களில் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு போனோம். 70-ஆவது பலகையடியில் ரோட்டிலேயே நின்று போட்டோ எடுத்தோம். அதை அந்த வாசகர் பார்த்திருந்தால் கோபப்பட்டதில் குறை சொல்ல மாட்டேன்.

ஏற எனக்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. இறங்குவது அதைவிடக் கஷ்டம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என்னுடையது ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக். விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் ரப்பர் வாடை அடித்தது. நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நுனி கொப்பளித்துவிட்டது. அந்தச் சூட்டில் டியூப் வெடிப்பதும் உண்டாம். சோடாக் கடைக்காரர் ஒருவர் தண்ணீர் ஊற்ற வந்தார், கண்டக்டர் ஐயா தடுத்து, "தானா ஆறட்டும்" என்று கால்மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். காரில் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அதுவும் ஒரு கட்டத்தில் கைவிடும்.

குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது நம் சாலை விதிகளிலேயே இருக்கிறது. சைக்கிளும் வண்டிதான். ஆனால் ஊர்சுற்ற வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தடை வேண்டாம். சோளக்காட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில், "கியரில் இறங்கவும், ஏறுபவருக்கு வழி விடவும்" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்தால் போதும். நெடுஞ்சாலைத் துறை இதைக் கவனிக்குமா?

தை பிறந்ததும் மறுபடி போகிறோம், ஒற்றை வரிசையில். பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டேன்.

ஒரு வாசகி,
நாமக்கல்.