தோட்டத்தில் ராக் விழா: மின்சாரத்தில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

கிராமத்துத் தோட்டங்களில் உள்ளூர் ராக் குழுக்களை மேடையேற்றும் இளைஞர்களை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் பம்புசெட் இணைப்பிலிருந்து ஒயர் இழுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அந்த இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டுமே, உயிருக்கும் ஆபத்து. கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் (ஆம்ப்) மைக் மிக்சருக்கும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுத்து, எர்த்தும் சரியில்லாமல் போனால், தந்தியில் விரலும் மைக்கில் உதடும் ஒருசேரப் பட்டதும் ஷாக் அடிக்கும். இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றுவது அதைவிட மோசம். மேடைக்கு ஒரே ஜெனரேட்டர், ஒரே எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் கருவிக்கு 400 வரை ஏறிப் புகைந்துவிடும். நியூட்ரல் முனையை இறுக்கி, மீட்டரில் வோல்ட்டைப் பார்த்த பிறகே ஆம்பை மாட்டுங்கள்.

கரிசல் மண்ணில் ஒரு மழைக்கே லாரி புதையும்; பாதையில் முன்கூட்டியே கிராவல் கொட்டுங்கள். பலத்த காற்றென்றால் பக்கத் தார்ப்பாய்களை உடனே அவிழ்க்க வேண்டும், இல்லையேல் மேடையே சாயும். கிணற்றைச் சுற்றித் தடுப்பும் விளக்கும் கட்டாயம்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும். ஸ்பீக்கரை ஊரையும் மாட்டுக்கொட்டகையையும் பார்த்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைப்பாளர்கள்,
விருதுநகர் மாவட்டம்.