ஏழு வருஷம் முந்தியது சென்னை டிராம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய டிராம்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். லிஸ்பன், மெல்போர்ன் படங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. 'இந்தியாவில் முதல் மின்சார டிராம் ஓடிய நகரம் கொல்கத்தா' என்ற வரியைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. கொல்கத்தாவில் 1873-லேயே குதிரை இழுத்த டிராம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே மின்சார டிராம் வந்தது 1902-ல். சென்னையிலோ 1895 மே மாதமே ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் தலைக்கு மேலே கம்பிகூடக் கிடையாது, ரோட்டுக்கு அடியில் பள்ளம் வெட்டி அதற்குள்தான் மின்சாரம் கொண்டுபோனார்கள். ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எங்கள் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம்தான் மேலே கம்பி கட்டினார்கள். இவ்வளவு பாடுபட்டு ஓட்டிய வண்டியை, தமிழ்ப் பத்திரிகையே ஒரு வரியில் இல்லாமல் செய்துவிட்டால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் அதில் போயிருக்கிறேன் ஐயா. 1952-ல் எனக்கு ஒன்பது வயது, மாயவரத்திலிருந்து ரயிலேறி மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். டிராமுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று தனியாகக் கிடையாது. கடைசி நிறுத்தம் வந்ததும் டிரைவர் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளேயே நடந்து அந்தக் கோடிக்குப் போய் மாட்டிக்கொள்வார். கண்டக்டர் கீழே இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, மேலே இருக்கும் கழியைத் திருப்பிக் கம்பியில் கோப்பார். கழி கம்பியைத் தொடும்போது நீலமாக ஒரு பொறி தெறிக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே பெரியப்பாவை மறுபடி மறுபடி கூட்டிப்போகச் சொல்வேன். அடுத்த வருஷம், 1953 ஏப்ரலில், நிறுத்தியே விட்டார்கள்.

எங்களுக்கு இது புதிதில்லை. 1926-ல் போட்ட மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதையையும் 1986-ல் மூடினார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் ஜனங்களெல்லாம் நம்பியிருந்த வண்டி அது. என் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அதைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன், இரண்டும் வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிஸ்பன் டிராமுக்கு முழுப் பக்கம் கிடைத்ததைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொல்கத்தா 1902, சென்னை 1895 என்று அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகன்,
பொறையார்.