மரியன் டிஸ்லர் அம்மையாருக்கு ஒரு கடிதம்

மரியன் டிஸ்லர் அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் 1964-இல் போய்விட்டீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். ஃபோக்வேஸ் ரெக்கார்டு கம்பெனி என்றாலே எல்லோரும் மோசஸ் ஆஷ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் 1948-இல் நியூயார்க்கில் அது தொடங்கியபோது, தலைவர் என்று காகிதத்தில் இருந்தது உங்கள் பெயர். ஆஷின் முந்தைய கம்பெனி திவாலாகியிருந்ததால் அவர் பெயரில் தொடங்க வழியில்லை. நீங்கள் முதலாளி, அவர் உங்களிடம் ஆலோசகர்! எங்கள் ஊரில் கணவன் கடன்பட்டால் மனைவி பெயரில் கடை போடுவார்கள். அதே கதைதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீங்கள் மனைவியும் இல்லை, பேருக்கு முதலாளியும் இல்லை. ஆஷின் பழைய கம்பெனிக் காலத்திலிருந்தே கூட உழைத்தவர்.

உங்கள் கம்பெனியில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பிடிவாதம். வெளியிட்ட எந்த இசைத்தட்டின் விற்பனையையும் நிறுத்துவதில்லை, அது எவ்வளவு குறைவாக விற்றாலும் சரி. அதிகம் பயன்படவில்லை என்பதற்காக அகராதியிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துவிடுவோமா என்று ஆஷ் கேட்பாராம். எங்களுக்கு இது சட்டென்று புரியும். ஙா, ஙி, ஙீ எல்லாம் எந்தச் சொல்லில் வருகின்றன? ஆனாலும் ஒன்றாம் வகுப்பில் விடாமல் எழுதிப் பழகியிருக்கிறோம்.

பிடிவாதத்துக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. கொஞ்சமாக அச்சடிப்பது, கெட்டியான கறுப்பு அட்டையில் ஒரு தாளை ஒட்டி உறையாக்குவது, உள்ளே ஒரு விளக்கக் குறிப்பேடு வைப்பது. நூலகங்களும் பள்ளிகளும் அதற்காகவே வாங்கின. பாடகர்களுக்குக் கொடுப்பதில் ஆஷுக்குக் கை சுருக்கம் என்ற புகாரும் உண்டு. அதை மறைத்துப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1952-இல் பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்துவந்த ஹாரி ஸ்மித் தொகுத்த 84 பாடல்களை வெளியிட்டீர்களே, அதில் இன்னும் துணிச்சல். எல்லாம் 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் வேறு கம்பெனிகள் போட்டு, பிறகு கைவிட்ட பாட்டுகள். அனுமதி கேட்கவில்லை. சட்டப்படி தப்புதான். ஆனால் அடுத்த தலைமுறை நாட்டுப்புறப் பாடகர்கள் அந்தத் தொகுப்பைக் கேட்டுத்தான் பழைய பாட்டைக் கற்றார்கள்.

அப்புறம் அந்தத் தவளைத் தட்டு. வட அமெரிக்கத் தவளைகளின் குரல்கள், 1958. சார்லஸ் போகர்ட் என்ற விலங்கியலாளர் தொகுத்து, நடுநடுவே நிதானமாக விளக்கமும் சொல்கிறார். ஒரு ராத்திரி சத்தமாகப் போட்டுவிட்டேன். மழை வரப்போகிறது என்று அம்மா மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்துவிட்டார்.

1986-இல் ஆஷ் இறந்தார். மறு வருடம் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் கம்பெனியை எடுத்துக்கொண்டபோது அவர் குடும்பம் போட்ட நிபந்தனை உங்களுக்குப் பிடித்திருக்கும்: 2,168 தட்டுகளில் ஒன்றுகூட விற்பனையிலிருந்து விலகக்கூடாது. இன்றும் அதைக் காப்பாற்றுகிறார்கள். நிறுவியவர்கள் என்று ஆஷோடு சேர்த்து உங்கள் பெயரையும் போடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தவளைத் தட்டுக்கு முதல் ஆர்டர் வந்த அன்று, அதைப் பிரித்துப் படித்தது நீங்களா? சிரித்தீர்களா?

அன்புடன்,
உங்கள் தட்டுகளைத் தாமதமாகக் கண்டுகொண்ட ஒருவன்